15 வருஷத்துப் பழைய கணினியை மாற்றுகிறேன்: பேஜ்மேக்கர் கோப்புகள் புதியதில் திறக்குமா?

கும்பகோணம் டிடிபி

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் வீட்டில் இருந்தே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கிரகப்பிரவேசம், கும்பாபிஷேக நோட்டீஸ், நன்கொடை ரசீது, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று எல்லாம் வரும். அச்சகம் என்னிடம் கிடையாது. பக்கத்தை அமைத்து, புரூஃப் பார்த்து, பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது.

இப்போது இருக்கும் கணினி 2010இல் வாங்கியது. கோர் 2 டுயோ ஈ7500, ஜி41 போர்டு, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7 (32 பிட்). பக்கம் அமைக்க பேஜ்மேக்கர் 7, கூடவே கோரல்டிரா, பழைய போட்டோஷாப் போட்டிருக்கிறேன். தமிழ் ஃபான்ட் எல்லாம் யுனிகோடு என்ற இப்போதைய பொது எழுத்து முறைக்கு முந்தியவை. டைப்ரைட்டிங் தமிழ் ஹையர் முடித்தவள், அதனால் பழைய டைப்ரைட்டர் கீபோர்டில்தான் விரல் ஓடும். அந்தத் தமிழ் மென்பொருள் ஒரு யுஎஸ்பி லாக் சொருகினால்தான் வேலை செய்யும்.

மற்ற நாளில் எப்படியோ ஓட்டிவிடுகிறேன். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தம் வந்தால்தான் சிரமம். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "பெரியப்பா பேரை மேல ஏத்துங்கம்மா, மாமா பேருக்கு முன்னால ஸ்ரீமான் போடுங்க" என்பார்கள். ஒரு வரியை நகர்த்தினால் போதும், பின்னால் இருக்கும் பிள்ளையார் படமும் பார்டரும் மேலிருந்து கீழே துண்டு துண்டாக மறுபடி வந்து நிற்கும். அதுவரை எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் வாட்ஸ்அப் வெப் திறந்து ஒரு போட்டோ இறக்கப் போனால் மொத்தமும் உறைந்துவிடும். பிரௌசரும் இப்போதெல்லாம் விண்டோஸ் 7க்குப் புதுப் பதிப்பு தருவதில்லை.

கடையில் கேட்டேன். கோர் ஐ5 12400எஃப், 16 ஜிபி ரேம், ஒரு கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி என்று எழுதிக் கொடுத்தார்கள். "இதுல கேமே விளையாடலாம்மா" என்றார்கள். நான் விளையாடப் போவதில்லை. இவ்வளவு தேவையா, எதைக் குறைக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆனால் எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை பழைய பக்கங்கள்தான். நான் கல்யாணப் பத்திரிகை போட்டுக் கொடுத்த வீட்டில், அந்தப் பிள்ளைகளின் காதுகுத்துக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். "அன்னைக்குப் போட்ட மாதிரியே பேர் வரிசை வரணும்" என்பார்கள். யார் பெயர் முதலில், யாருக்கு அமரர், எந்தப் பங்காளி எந்த வரியில் என்பதெல்லாம் அவர்களிடம் கூட எழுதி வைத்திருக்காது, என் கோப்பில்தான் இருக்கிறது. அந்தக் கோப்புகள் புதுக் கணினியில் திறக்காமல் போனால் எனக்கு அது எவ்வளவு வேகமாக ஓடினாலும் பிரயோஜனம் இல்லை.

---

ஸ்க்ரூடிரைவர்

வணக்கம்க்கா. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பல வருஷமாக அசெம்பிள் செய்கிறேன். ஹார்டுவேருக்கு நான் சொல்கிறேன், பேஜ்மேக்கருக்கு அதில் வேலை செய்பவர்கள் வந்து சொல்லட்டும்.

முதலில் அந்தக் கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த மாடலில் கடைசியில் "எஃப்" இருக்கிறது பாருங்கள், அந்த எழுத்து இருந்தால் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். அதனால் தனிக் கார்டு போட்டே ஆகவேண்டும். எஃப் இல்லாத 12400 எடுத்தால் யுஎச்டி 730 உள்ளேயே வருகிறது. பத்திரிகை, நோட்டீஸ் வேலைக்கு அது தாராளம், இரண்டு மானிட்டர் கூட மாட்டலாம். தனிக் கார்டு இல்லையென்றால் கரண்டும் குறையும், இப்போது வைத்திருக்கும் யுபிஎஸ் பேட்டரி நன்றாக இருந்தால் அதுவே தாங்கும்.

இன்னும் குறைக்க வேண்டுமென்றால் ஐ3 12100 பாருங்கள். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அது ஒரே கோரில்தான் ஓடும், மீதி எத்தனை கோர் இருந்தாலும் அது தொடாது. உங்களுக்கு வேண்டியது ஒரு கோரின் வேகம். அதில் 12100க்கும் 12400க்கும் பெரிய வித்தியாசம் இல்லை (4.3, 4.4 கிகாஹெர்ட்ஸ்). போட்டோஷாப்பில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் எல்லாம் செய்வீர்கள் என்றால் மட்டும் ஐ5 எடுங்கள்.

கணினி இழுப்பதற்குப் பாதிக் காரணம் ஹார்டு டிஸ்க்தான். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும். ஊசி இடம் மாறுகிற நேரத்தையும் சேர்த்தால் சிதறிக் கிடக்கும் தகவலை ஒரு நொடிக்கு 80 இடத்தில் படித்தாலே அதிகம். விண்டோஸ் கிளம்பும்போதும் ஃபான்ட் பட்டியல் ஏறும்போதும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடுகிறது, அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றுவதே கிடையாது, நொடிக்குப் பல்லாயிரம் இடம் படிக்கும். அதனால் என்விஎம்இ (போர்டிலேயே நேராகச் சொருகும் வகை) எஸ்எஸ்டி 512 ஜிபியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ரேம் விலை 2025 கடைசியில் இருந்து கண்டபடி ஏறிக் கிடக்கிறது. ஏஐ சர்வர்களுக்குச் சில்லு எல்லாம் போகிறது. அதனால் டிடிஆர்4 போடுகிற எச்610 போர்டாகக் கேளுங்கள், அதே போர்டு டிடிஆர்5இலும் வருகிறது, விலையை ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள். 16 ஜிபி வேண்டும், 8இல் நிறுத்த வேண்டாம், காரணம் அடுத்து வருகிறவர்கள் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். பழைய மானிட்டர் விஜிஏவாக இருந்தால் போர்டின் பின்பக்கம் விஜிஏ இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். எச்610இல் பல போர்டுகளில் இருக்கிறது.

---

மேலவீதி

அக்கா, புதுசு எதற்கு? இருக்கிற கணினியிலேயே 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டு ரேமை 4 ஆக்கினால் பறக்கும். செலவு பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. என் அண்ணன் கடையில் அப்படித்தான் ஓடுகிறது.

---

ஸ்க்ரூடிரைவர்

தம்பி சொல்வது ஓரளவு சரி. அந்த போர்டில் சாட்டா வேகம் பாதிதான் என்றாலும் ஹார்டு டிஸ்க்கோடு பார்த்தால் நல்ல வித்தியாசம் தெரியும். பில் போடுகிற கடைக்கு நானே அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன்.

அக்காவுக்கு அது போதாது. திரையில் படம் துண்டு துண்டாக வருகிறது என்கிறார், அது பிராசஸர் வேலை, எஸ்எஸ்டி அதைச் சரிசெய்யாது. 32 பிட் விண்டோஸில் 4 ஜிபி போட்டாலும் மூணு, மூணேகால்தான் கைக்கு வரும். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு முடிந்தது. வாடிக்கையாளர் பென் டிரைவும் வாட்ஸ்அப் கோப்பும் தினமும் வந்து போகிற கணினி அது. விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14உடன் முடித்துவிட்டார்கள். விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸர் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். கோர் 2 டுயோ அந்தப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே வராது.

கையில் பணம் குறைவு என்றால் கம்பெனிகளில் இருந்து வரும் பழைய ஆபீஸ் கணினி வாங்கலாம். "ஐ5" என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். 8500 என்றால் எட்டாம் தலைமுறை, எடுக்கலாம். 6500 என்றால் ஆறாம் தலைமுறை, வேண்டாம்.

---

பழைய பக்கம்

வணக்கம் அம்மா. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கிறேன். பேர் வரிசையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. காலண்டர், பத்திரிகை வேலையில் இருக்கிற எல்லோரும் பழைய கோப்பை வைத்துத்தான் பிழைக்கிறோம், மாற்றும்போது அதை யாரும் யோசிப்பதில்லை. கடைக்காரர் "டேட்டா எல்லாம் காப்பி பண்ணித் தர்றோம்" என்பார். கோப்பு வரும். ஃபான்ட், கீபோர்டு, லாக், பிரிண்டர் டிரைவர், பிடிஎஃப் ஆக்கும் டிஸ்டில்லரின் அமைப்பு எதுவும் வராது. அவை இல்லாமல் திறந்தால் தமிழ்ப் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிடக்கும்.

அதனால் என் யோசனை இதுதான். பழைய கணினியை அப்படியே, முழுசாக, புதியதற்குள் ஒரு மெய்நிகர் கணினியாகக் கொண்டுபோய்விடுங்கள். மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் டிஸ்க்2விஎச்டி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பழைய கணினியில் அதை ஓடவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையும் அதில் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பாக வெளி ஹார்டு டிஸ்க்கில் எழுதிக் கொடுக்கும். புதியதில் விர்ச்சுவல்பாக்ஸ் போடுங்கள், அதுவும் இலவசம்தான். அந்தக் கோப்பைக் காட்டினால் உங்கள் விண்டோஸ் 7, அதே ஐகான்கள், அதே ஃபான்ட் பட்டியலோடு ஒரு ஜன்னலுக்குள் எழுந்து வரும். கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் என்றால் ஆக்டிவேஷன் மறுபடி கேட்கலாம், ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி லாக்கைப் புதிய கணினியில் சொருகி, விர்ச்சுவல்பாக்ஸின் யுஎஸ்பி மெனுவில் இருந்து உள்ளே அனுப்ப வேண்டும். தமிழ் மென்பொருளின் டிரைவர் 32 பிட்டுக்கு மட்டும் எழுதியது என்றாலும் பாதகமில்லை, உள்ளே இருக்கும் விண்டோஸும் 32 பிட்தானே. 16 ஜிபி ரேம் வேண்டும் என்று ஸ்க்ரூடிரைவர் தம்பி சொன்னது இதற்குத்தான். 3 ஜிபியை உள்ளே கொடுத்தாலும் வெளியே 13 மிஞ்சும்.

உள்ளே இருக்கும் விண்டோஸ் 7க்கு இன்டர்நெட் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வாட்ஸ்அப், மெயில் எல்லாம் வெளியே விண்டோஸ் 11இல். இரண்டுக்கும் நடுவே ஒரு பொது ஃபோல்டர் போதும்.

நேரடியாக விண்டோஸ் 11இல் பேஜ்மேக்கர் போட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். போடலாம். ஆனால் விண்டோஸ் 11 64 பிட் மட்டும்தான், அதில் 16 பிட் நிரல் எதுவும் ஓடாது. பழைய தமிழ் மென்பொருள் சிலவற்றின் இன்ஸ்டாலரே 16 பிட். முகூர்த்த மாதத்தில் அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

பக்கம் அமைக்கும் புதிய மென்பொருளான இன்டிசைனுக்கு மாறலாமே என்று யாராவது சொல்வார்கள். சிஎஸ்6 வரைக்கும் இருந்த இன்டிசைன் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தது, அதற்குப் பிறகு வந்த சிசி திறக்காது. லிப்ரெஆபீஸ் டிரா திறக்கும், ஆனால் வரி இடம் மாறும், பார்டர் விலகும். எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ள அது உதவும், அச்சுக்கு அனுப்ப உதவாது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய ஃபான்ட்களில் ஆங்கிலக் குறிகள் இருக்கிற இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்திருப்பார்கள். 256 இடங்களில் 173ஆவது இடம் புதிய மென்பொருள்களுக்கு ஒரு மறைவான இணைப்புக்கோடு, வரி உடைந்தால் மட்டும் காட்டும், இல்லையென்றால் மறைத்துவிடும். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறை ஃபான்ட்டில் அந்த இடத்தில் இருப்பது இ. பழைய எழுத்தை எடுத்துப் புதிய மென்பொருளில் ஒட்டினால் "இல்லத் திருமண விழா" என்பது "ல்லத் திருமண விழா" என்று நிற்கும். மற்ற குறிமுறைகளிலும் இப்படி விழுகிற இடங்கள் உண்டு. புரூஃப் பார்க்கிறவர் தலைப்பைப் பார்க்காமல் பெயர்களை மட்டும் பார்ப்பார், அச்சாகி வந்த பிறகுதான் தெரியும். அதனால் பழைய பக்கத்தில் இருந்து எதை எடுத்தாலும் என்எச்எம் கன்வெர்ட்டர் போல ஒரு மாற்றியில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள், நேராக ஒட்டாதீர்கள். மாற்றிய பிறகும் ஒருமுறை இ, ஈ எழுத்துகளையும் மேற்கோள் குறிகளையும் தனியாகப் பாருங்கள்.

புது வேலைகளை யுனிகோடிலேயே தொடங்குவது நல்லது. தமிழக அரசு யுனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு தமிழ்க் குறிமுறையையும் தரமாக அறிவித்தது 2010இல், நாம்தான் இன்னும் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். விண்டோஸ் 11இல் தமிழ்99 கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. உங்கள் விரலுக்குப் பழைய டைப்ரைட்டர் முறை வேண்டும் என்பதால் என்எச்எம் ரைட்டர் போட்டுப் பாருங்கள், அதில் அந்த முறை இருக்கிறது. ஹையர் வேகத்தை விடவே வேண்டாம். இன்டிசைன் வாங்கினால் பாராகிராஃப் மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் முதலில், இன்றைக்கே அந்த 320 ஜிபி டிஸ்க்கை முழுசாக வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். 15 வருஷம் சுற்றிய டிஸ்க். புதியது எப்போது வாங்கினாலும் சரி, இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

---

கும்பகோணம் டிடிபி

தம்பி, அண்ணா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் காப்பி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன். சிடியில் இருந்த பழைய வேலைகளையும் பழைய கணினியின் டிவிடி டிரைவ் இருக்கும்போதே டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டேன், புதுப் பெட்டியில் அது வரவில்லை. சில சிடிகள் பாதியில் நின்றன. அவற்றில் போனதில் ஒரு கோயில் மலரும் உண்டு, அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஐ3 12100, எச்610 போர்டு, 16 ஜிபி, 512 என்விஎம்இ என்று எழுதிக்கொண்டு வேறொரு கடையில் வாங்கினேன். மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் பழையதே. கார்டு இல்லாததால் மிச்சமான பணத்தில் இரண்டாவது வெளி டிஸ்க் வாங்கிக்கொண்டேன், ஒரு காப்பி தங்கை வீட்டில் இருக்கிறது.

டிஸ்க்2விஎச்டி ராத்திரி முழுக்க ஓடியது. விர்ச்சுவல்பாக்ஸில் முதல் தடவை நீலத்திரை வந்தது. கடைத் தம்பி வந்து, டிஸ்க்கை இணைக்கும் கன்ட்ரோலரை சாட்டாவில் இருந்து ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றியதும் எழுந்துவிட்டது, பழைய போர்டில் டிஸ்க் அந்த முறையில்தான் இருந்ததாம். இதே ஜி41 வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். லாக் உள்ளே போய்விட்டது.

நேற்று ஒரு வீட்டார் வளைகாப்புப் பத்திரிகைக்கு வந்தார்கள். அவர்களுடைய கல்யாணப் பத்திரிகையை உள்ளே திறந்தேன். பெயர் வரிசை, கல்யாணி ராகத்து நாதஸ்வரக் கச்சேரி என்று அடியில் போட்ட வரி, பார்டர், எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. தாத்தா பெயருக்கு முன்னால் இப்போது அமரர் சேர்க்க வேண்டும் என்றார் அந்த அம்மா. வரியை இழுத்தேன், கையோடு வந்தது. படம் எங்கேயும் நிற்கவில்லை. வெளியே வாட்ஸ்அப்பில் அவர்கள் மருமகன் அனுப்பிய திருத்தம் வந்துகொண்டே இருந்தது, இது பாட்டுக்கு ஓடியது. ஜன்னலுக்குள் ஓடும் பேஜ்மேக்கரே பழைய கணினியில் நேராக ஓடியதைவிட வேகம்.

அண்ணா சொன்ன இ விஷயத்தையும் சோதித்தேன். என் ஃபான்ட்டில் இ விழவில்லை, ஆனால் ஓர் உயிர்மெய் விழுந்தது. மாற்றியில் போட்டால் சரியாக வருகிறது. என்எச்எம் ரைட்டரில் பழைய டைப்ரைட்டர் முறை அப்படியே இருக்கிறது, இரண்டு குறிகள் மட்டும் இடம் வேறு. பழகிவிடும்.

ஒரே ஒரு சந்தேகம். புரூஃப் எடுக்க கேனான் எல்பிபி2900 வைத்திருக்கிறேன். அதை உள்ளே இருக்கும் விண்டோஸ் 7க்குக் கொடுப்பதா, வெளியே வைத்துக்கொள்வதா? உள்ளே கொடுத்தால் வெளியே இருந்து அச்சிட முடியவில்லை.

---

பழைய பக்கம்

வெளியே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்தப் பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறது. உள்ளே பேஜ்மேக்கரில் வழக்கம்போல டிஸ்டில்லர் வழியாக பிடிஎஃப் செய்து பொது ஃபோல்டரில் போடுங்கள், ஃபான்ட்களைப் பிடிஎஃப்புக்குள்ளேயே பதிக்கும்படி அமைத்திருக்க வேண்டும். வெளியே இருந்து அச்சிடும்போது அளவு 100 சதவீதம் என்று இருக்கட்டும். தாளுக்குப் பொருத்து என்பது தானாகவே தேர்வாகி இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பக்கம் கொஞ்சம் சுருங்கி, பத்திரிகையின் மடிப்புக்கோடு புரூஃபில் ஓரிடத்திலும் அச்சில் வேறிடத்திலும் விழும்.